தாத்தாவின் தாத்தா எந்த ஊர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடல் கடந்து போன குடும்பங்களிலிருந்தும், இங்கேயே இருந்தும் கொள்ளுத்தாத்தா பெயருக்கு மேல் எதுவும் தெரியாத குடும்பங்களிலிருந்தும் வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என் அப்பாவின் தாத்தா முனிசாமி, கரும்புத் தோட்ட வேலைக்காக மெட்ராஸிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்தவர். இந்தப் பெயரையும் 'மெட்ராஸ்' என்பதையும் தவிர எங்களிடம் ஒன்றுமில்லை. அவர் ஊரைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?
– டர்பன் வாசகி

பதில்: இருக்கிறது. சொல்லப்போனால் வேறு நாடுகளுக்குப் போன பலரின் பிள்ளைகளைவிட உங்களுக்கு வாய்ப்பு அதிகம். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் மெட்ராஸிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறங்கியவர்கள் 1,52,184 பேர், அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு எண் கொடுத்து கப்பல் வாரியாக எழுதி வைத்தார்கள். பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள மச்சம் தழும்பு, எந்த முதலாளியிடம் போனார் என்பது வரை ஒரே வரிசையில் இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பட்டியலில் முனிசாமிகள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். அதனால் பெயரை வைத்துக்கொண்டு பட்டியலில் இறங்காதீர்கள், முதலில் அந்த எண்ணைத் தேடுங்கள். அதைக் காலனி எண் என்பார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் அந்த எண் அவர்களை விடவில்லை, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, கல்யாணப் பதிவு, அனுமதிச் சீட்டு என்று பல காகிதங்களில் அப்பா அம்மாவின் எண்ணைக் குறித்திருப்பார்கள். வீட்டில் யாராவது பழைய தகரப் பெட்டியில் மடித்து வைத்திருக்கிற ஒரு தாளில் நான்கைந்து இலக்கமோ ஆறு இலக்கமோ தனியாகத் தெரிந்தால் அதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள்.

வீட்டில் எதுவும் இல்லையென்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இறந்தவர்களின் சொத்துக் கோப்புகளைப் பாருங்கள். கொஞ்சம் நிலமோ கடையோ விட்டுவிட்டுப் போனவருக்கு ஒரு கோப்பு இருக்கலாம், அதற்குள் இருக்கும் மரண அறிவிப்புப் படிவத்தில் பெற்றோர் பெயர், பிறந்த இடம், பிள்ளைகள் பெயர் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. அவர் வேலை செய்த தோட்டத்தின் பெயரை உறவினர் யாராவது சொன்னால் அதுவும் போதும், பட்டியலில் முதலாளி பெயரை வைத்து முனிசாமிகளை வடிகட்டிவிடலாம்.

இன்னொன்று. 'மெட்ராஸ்' என்று குடும்பத்தில் சொல்வது ஊர்ப் பெயராக இருக்காது, கப்பல் ஏறிய துறைமுகத்தைத்தான் அப்படிச் சொல்லியிருப்பார்கள். மெட்ராஸ் மாகாணம் அப்போது இன்றைய ஒடிசாவில் உள்ள கஞ்சம் ஜில்லா வரை நீண்டிருந்தது. பட்டியலில் ஊர் கிடைத்ததும் அடுத்த தடை எழுத்து. எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார், செங்கல்பட்டு 'சிங்கிள்புட்' ஆனது, திருநெல்வேலி 'டின்னவெல்லி' ஆனது. பெரிய ஊருக்கே இந்த நிலை என்றால் குக்கிராமத்தின் கதியை யோசித்துப் பாருங்கள். எழுதியிருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்காமல் வாய்விட்டு நாலு விதமாகச் சொல்லிப் பாருங்கள், அந்த வட்டாரத்துக்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னால் இன்னும் நல்லது. ஜில்லா 'வட ஆற்காடு' என்றிருந்தால் வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் மட்டும் தேடி நிறுத்திவிடாதீர்கள். சித்தூர் 1911 வரை வட ஆற்காட்டில்தான் இருந்தது, நீங்கள் தேடும் கிராமம் இன்றைக்கு ஆந்திராவில் இருக்கலாம்.

கேள்வி: 1920களில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி பினாங்கில் இறங்கிய தாத்தாவுக்கும் இதே மாதிரி பட்டியல் இருக்குமா?
– ஈப்போ வாசகர்

பதில்: அந்த நம்பிக்கையில் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்றுதான் சொல்வேன். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி முறை 1910-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது, உங்கள் தாத்தா காலத்தில் கங்காணி, அதாவது தோட்டத்தில் ஆட்களை மேற்பார்வை செய்தவர், ஊருக்கு வந்து தன் சொந்தக்காரர்களையும் தெரிந்தவர்களையும் கூட்டிக்கொண்டு போனார், இல்லையென்றால் ஆட்கள் தாங்களாகவே போனார்கள். ஆளுக்கொரு விவரமான தாள் நேட்டால் போலக் கிடைப்பது அரிது.

ஆனால் கங்காணி முறையிலேயே ஒரு துப்பு இருக்கிறது. ஒரு கங்காணியின் கீழ் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் ஒரே ஊரையோ அக்கம்பக்கத்து ஊர்களையோ சேர்ந்தவர்கள். தாத்தாவோடு அதே தோட்டத்தில், அதே லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருந்த மற்ற குடும்பங்களுக்குத் தங்கள் ஊர் தெரிந்திருந்தால் உங்கள் ஊரும் அங்கிருந்து பத்து மைலுக்குள் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதனால் உங்கள் குடும்பத்தை மட்டும் கேட்காதீர்கள், பக்கத்து லயத்துப் பேரப்பிள்ளைகளையும் தேடிப் பிடித்துக் கேளுங்கள். 1948-இலிருந்து மலாயாவில் பன்னிரண்டு வயது நிரம்பியவர்களுக்கு அடையாள அட்டை கொடுத்தார்கள், பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பித்தார்கள், அந்தக் காகிதங்களில் பிறந்த இடம் இருக்கலாம். ஊரிலிருந்து வந்த கடிதம் ஒன்றாவது கிடைத்தால் உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கும் முன் உறையின் மேல் இருக்கும் தபால் முத்திரையைப் பாருங்கள்.

அப்புறம் குலதெய்வம். வீட்டில் எந்தச் சாமியை வேண்டிக்கொண்டு முதல் மொட்டை அடித்தார்கள், அந்தச் சாமிக்கு முழுப்பெயர் என்ன? 'மாரியம்மன்' என்றால் உதவாது, அதற்கு முன்னால் ஓர் ஊரோ ஏரியோ ஒட்டியிருந்தால் அதுவே உங்கள் ஊரின் வாசல். பங்காளிகள் இன்னும் வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் கோயிலில் கூடுவார்கள். அங்கே போய் "எங்கள் தாத்தா மலாயா போனவர்" என்று சொன்னால், தங்கள் குடும்பத்திலிருந்து போய்த் திரும்பாத ஒருவரைப் பற்றிப் பேச யாராவது முன்வருவார்கள்.

கேள்வி: நாங்கள் எங்கும் போகவில்லை, தமிழ்நாட்டில்தான் இருக்கிறோம். கொள்ளுத்தாத்தா பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போனால் பதிவே இல்லை என்கிறார்கள். இனி என்ன?
– கும்பகோணம் வாசகர்

பதில்: பெயரைச் சொல்லித் தேடச் சொன்னீர்களா? அந்தக் காலத்துப் பிறப்புப் பதிவில் பல குழந்தைகளுக்குப் பெயரே இருக்காது, 'ஆண்' என்று போட்டு அப்பா பெயரை மட்டும் எழுதியிருப்பார்கள். மெட்ராஸ் மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கென்று 1899-இல் ஒரு சட்டம் வந்தது, ஆனாலும் கிராமத்தில் அது கிராம அதிகாரியான மணியக்காரர் எழுதியதைப் பொறுத்துத்தான். அப்பா பெயரையும் கிராமத்தையும் கொடுத்து முன்பின் ஐந்து வருஷத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இறப்புப் பதிவையும் கேளுங்கள், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எனக்கு அதைவிட நம்பிக்கை நிலக் காகிதத்தில்தான். நம் ஊரில் ஒரு மனிதன் பிறந்ததை எழுதாமல் விட்டிருப்பார்கள், அவனுடைய அரை ஏக்கர் கை மாறியதை எழுதாமல் விடமாட்டார்கள். பழைய பத்திரத்தில் இன்ன ஊரிலிருக்கும் இன்னார் குமாரர் என்று அப்பா பெயரோடுதான் ஆளைக் குறிப்பார்கள், பல நேரம் சாதியும் தொழிலும் சேர்ந்தே வரும். இப்போதிருக்கும் நிலத்தின் தாய்ப் பத்திரத்தை எடுத்து, அது எந்தப் பத்திரத்தைக் காட்டுகிறதோ அதற்குப் போய், அங்கிருந்து இன்னும் பின்னால் போங்கள். கணினியில் வில்லங்கம் ஓரளவுக்கு மேல் பின்னால் போகாது, அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையால் புரட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடைத்தால் அண்ணன் தம்பி எல்லோர் பெயரும் ஒரே இடத்தில் வந்துவிடும். சொத்து வழக்கு நடந்த குடும்பமாக இருந்தால் பிராதை, அதாவது வழக்குப் போட்டவரின் மனுவைத் தேடுங்கள், பாக வழக்கில் வம்சாவளியை வரைந்து காட்டியிருப்பார்கள், மூன்று நான்கு தலைமுறை அதிலேயே இருக்கும். எதிர்த்தரப்பின் பதிலையும் சேர்த்து வாசியுங்கள், சொத்துக்காக ஒரு பிள்ளையை இல்லை என்று சொன்ன வழக்குகளும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வீடுகளில் 1890-இல் ஒரு ராமலிங்கமும் 1950-இல் ஒரு ராமலிங்கமும் இருப்பார்கள். அப்பா பெயரையும் சேர்த்துப் பார்க்காமல் இரண்டு காகிதத்தை ஒரே ஆள் என்று முடிச்சுப் போட்டால் அதற்கு மேல் வரும் தலைமுறை எல்லாமே தப்பாகிவிடும்.

கேள்வி: இவ்வளவு அலைவதற்குப் பதில் டிஎன்ஏ சோதனை செய்துகொண்டால் போதாதா?
– சிங்கப்பூர் வாசகர்

பதில்: அது ஊர் பெயரைச் சொல்லாது. ஏற்கெனவே சோதனை செய்துகொண்ட உறவினர் இருந்தால்தான் பொருத்தம் காட்டும். அதிலும் நம் குடும்பங்களில் மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து எடுத்திருப்பதால், தூரத்து உறவுகூட நெருங்கிய உறவு போலக் கணக்கில் வரும். பிரிந்த இரண்டு கிளைகள் ஒன்றுதானா என்று சரிபார்க்க உதவும், அவ்வளவுதான்.

கேள்வி: என் கொள்ளுப்பாட்டி கைக்குழந்தையோடு ஃபிஜிக்கு வந்தவர். அவருடைய குடியேற்றச் சீட்டின் நகல் கிடைத்தது. கணவர் பெயர் இல்லை. வீட்டில் சொல்லி வந்த சாதியும் சீட்டில் உள்ள சாதியும் வேறு. இதை வீட்டில் சொல்லலாமா என்றே தெரியவில்லை. உண்மை என்னவாக இருக்கும்?
– சுவா வாசகி

பதில்: உங்கள் கடிதத்தை நான் பல முறை படித்தேன். உண்மை என்ன என்று அந்தச் சீட்டு சொல்லாது, நானும் ஊகித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சீட்டு எப்படி எழுதப்பட்டது என்று சொல்ல முடியும்.

மெட்ராஸிலிருந்து ஃபிஜிக்கு ஆள் அனுப்புவது 1903-இல் தொடங்கியது, 1916-இல் நின்றது. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கணக்கு நிரம்பாமல் முகவருக்குக் கப்பல் புறப்படாது. அதனால் தனியாக வந்த பெண்ணை அவர்கள் தேடினார்கள். விதவை, கணவனைப் பிரிந்தவர், பஞ்சத்தில் எல்லோரையும் இழந்தவர், அடி தாங்காமல் வீட்டைவிட்டு வந்தவர் என்று எத்தனையோ பேர், கப்பல் ஏறும்வரை ஆட்களைத் தங்கவைத்த கிடங்கின் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கேயே சிலருக்குத் துணை அமைந்தது, சிலர் தனியாகவே கப்பல் ஏறினார்கள். எழுத்தர் கேட்டது அவருக்கு வேண்டிய சில கேள்விகளைத்தான். ஏன் கிளம்பினாய் என்று கேட்க அந்தத் தாளில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. சாதி விஷயமும் அப்படியே, சிலர் மாற்றிச் சொன்னார்கள், சிலருக்கு எழுத்தரே தெரிந்ததைப் போட்டார், கடலைத் தாண்டிய பிறகு புதிய பெயரோடும் புதிய சாதியோடும் வாழ்க்கையைத் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள்.

செய்யக்கூடியது சில உண்டு. அதே கப்பலில், அவர் எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள சீட்டுகளை எடுத்துப் பாருங்கள், ஒன்றாக வந்தவர்களுக்கு எண் அடுத்தடுத்து விழுந்திருக்கும். அதே தாலுகாவைச் சேர்ந்த ஓர் ஆணோ, வயதான பெண்ணோ அருகில் இருக்கிறாரா? நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் யார் பெயரைச் சொல்லியிருக்கிறார்? அங்கே ஒரு அண்ணன் பெயர் இருந்தால், பின்னால் விட்டுவிட்டு வந்தவர்களில் உங்கள் கொள்ளுப்பாட்டி மறக்காமல் சொன்ன ஒரே ஆள் அந்த அண்ணன்தான்.

அதற்கு மேல் கிடைக்காவிட்டால் குடும்ப மரத்தில் அந்த இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதுங்கள். கௌரவத்துக்காக ஒரு கணவரைக் கற்பனை செய்து போட்டுவிடாதீர்கள், அடுத்த தலைமுறை அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு இல்லாத ஆளைத் தேடும். வீட்டில் சொல்வதா என்று கேட்டிருந்தீர்கள். சொல்லுங்கள் என்பதே என் எண்ணம். கைக்குழந்தையோடு பெயர் தெரியாத தீவுக்குக் கப்பல் ஏறி, அங்கே ஒரு குடும்பத்தை உண்டாக்கிய பெண் அவர், அதில் மறைக்க எதுவும் இல்லை.

கேள்வி: நாங்கள் இலங்கை மலையகத்திலிருந்து நீலகிரிக்கு வந்தவர்கள். இந்தியாவில் எங்கள் பூர்வீக ஊர் எது என்று அப்பாவுக்கே தெரியவில்லை.
– கோத்தகிரி வாசகர்

பதில்: 1964-இல் இலங்கைப் பிரதமரும் இந்தியப் பிரதமரும் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி வந்தவர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் இந்தியக் குடியுரிமைக்குத் தாத்தாவோ அப்பாவோ விண்ணப்பித்திருப்பார்கள், அதில் பூர்வீக ஊரைக் கேட்டிருப்பார்கள். பழைய பாஸ்போர்ட், மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை இரண்டையும் முதலில் எடுங்கள். அதற்கு முன்னால், 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இலங்கைக் குடியுரிமைக்கு யாராவது விண்ணப்பித்திருந்தால் 1946-க்கு முந்தைய பல வருஷங்கள் அங்கேயே வாழ்ந்ததைக் காட்ட வேண்டியிருந்தது, அதற்காகச் சேர்த்த காகிதங்களில் தோட்டத்தின் பெயரும் பிரிவும் வரும். தோட்டம் தெரிந்துவிட்டால் செக்ரோல், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேடு, இருக்கிறதா என்று கேளுங்கள். பெரிய கங்காணி யார் என்று தெரிந்தால் அவர் எந்த ஊர்க்காரர் என்று பாருங்கள், ஈப்போ வாசகருக்குச் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

கேள்வி: பாட்டிக்கு எண்பத்தெட்டு வயது. "பழசெல்லாம் எனக்கு என்ன தெரியும்" என்கிறார். எப்படிக் கேட்பது?
– மதுரை வாசகி

பதில்: மற்ற எல்லாக் கேள்விக்கும் முன்னால் வந்திருக்க வேண்டிய கேள்வி இது. "நம் முன்னோர் பெயர் சொல்லுங்கள்" என்று பரீட்சை மாதிரி கேட்டால் யாருக்கும் வராது. அவர் பெரிய மனுஷி ஆனபோது தாய்மாமன் எந்த ஊரிலிருந்து சீர் கொண்டுவந்தார், கல்யாணத்துக்கு எந்த ஊர்க்காரர்கள் வண்டி கட்டி வந்தார்கள், யாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது, ஏன் சண்டை வந்தது என்று கேளுங்கள். சண்டையைக் கேட்டால் பெயர்கள் தானாக வரும். கல்யாணப் பத்திரிகைகள் இருந்தால் முன்னால் பரப்பிவையுங்கள். பழைய போட்டோவைக் காட்டி நிற்பவர்களை ஒவ்வொருவராகத் தொட்டுக் கேட்டு, பெயரைப் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். போனில் குரலைப் பதிவுசெய்ய அவரிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். களைத்தால் நிறுத்திவிட்டு அடுத்த நாள் போங்கள், முதல் நாள் சொல்லாததை இரண்டாம் நாள் அவரே ஆரம்பிப்பார். முந்தைய கேள்விகளுக்கு நான் சொன்ன அலுவலகங்களுக்கெல்லாம் அப்புறம் போய்க்கொள்ளலாம், இந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டி வீட்டுக்குப் போங்கள்.