ஃப்ரீகேட் மென்பொருளின் லாட்டிஸ்2 நீட்சி என்ன செய்கிறது?

கணினியில் முப்பரிமாணப் பொருள்களை வடிவமைக்கும் ஃப்ரீகேட்டில், ஒரே பாகத்தைப் பல இடங்களில் அளவு பிசகாமல் அடுக்கித் தரும் இலவச நீட்சி, அதாவது கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் கருவித்தொகுப்பு இது. இடத்தையும் பாகத்தையும் இது தனித்தனியாகப் பிரித்துவிடுகிறது. இதன் உயிரே அதில்தான் இருக்கிறது.

தென்னந்தோப்பு போடுபவர் முதலில் கயிறு பிடித்துக் குச்சி நடுவார், கன்று பிறகுதான் வரும். லாட்டிஸ்2-லும் அப்படியே: முதலில் இருப்பிடங்களின் வரிசை, பிறகு அவற்றின் மீது பாகத்தின் நகல்கள். ஒவ்வோர் இருப்பிடமும் எங்கே என்பதோடு எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வைத்திருக்கும்.

ஒரு வட்டத் தகட்டைச் சுற்றி 6 போல்ட்டுகள், 60 பாகை இடைவெளியில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கையை 8 என மாற்றினால், முழு வட்டத்தில் சமமாகப் பரப்பும்படி அமைத்திருக்கும்வரை, இடைவெளி தானாக 45 பாகை ஆகிவிடும். மூல போல்ட்டை நீட்டினால் எட்டும் நீளும். நகல் எடுத்து ஒட்டுகிற வேலையில் இந்தச் சுகம் கிடையாது. வெறும் நேர்வரிசை மட்டும் போதுமென்றால் ஃப்ரீகேட்டின் சொந்தக் கருவிகளே போதும்.

உருளைகளை வரிசையாக அடுக்கினாலே தகட்டில் துளை விழுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். விழாது, அந்தத் தொகுப்பைத் தகட்டிலிருந்து கழிக்கும் கட்டளையைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.