மேல்துணி தைத்து முடித்தாச்சு, இனி மூன்று அடுக்கையும் எப்படிச் சேர்ப்பது?

கேள்வி: வணக்கமுங்க அக்கா. எங்கள் அம்மாயியின் பழைய நூல் சேலைகள், மகளின் சின்ன வயசு கவுன்கள், இதையெல்லாம் வெட்டி, தைத்த பிறகு ஐந்து அங்குலம் நிற்கிற சதுரங்களாக அகலத்துக்கு 12, நீளத்துக்கு 18 என்று சேர்த்து ஒரு பேட்ச்வொர்க் போர்வைக்கு மேல்துணி முடித்துவிட்டேன். 60க்கு 90 அங்குலம். தீபாவளிக்கு முன்பே முடித்தது, இன்னும் பீரோவில் மடித்தே கிடக்கிறது. குன்னூரில் வேலை பார்க்கும் மகளுக்குத்தான் இது. என்னிடம் இருப்பது பழைய பெடல் மெஷின். தையல்கடைத் தம்பி இவ்வளவு கனம் மெஷினுக்குள் போகாது என்கிறார், நாத்தனார் கைத்தையலே போடு என்கிறார், இன்னொருவர் கரூரில் விரிப்பு தைக்கிற கம்பெனியில் கொடுத்தால் பூப்பூவாகப் போட்டுத் தருவார்கள் என்கிறார். எந்த டிசைன் போட்டால் அழகாக இருக்கும்?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: 216 சதுரத்தை மூலை பிசகாமல் சேர்த்து முடித்திருக்கிறீர்கள், பொறுமை வேண்டிய வேலை முக்கால்வாசி முடிந்தது. இதைப் பீரோவில் விட்டுவிடாதீர்கள்.

டிசைன் கேட்டிருக்கிறீர்கள். நான் அதைக் கடைசியில்தான் எடுப்பேன். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி, இந்த மூன்றும் துவைத்தாலும் உதறினாலும் நகராமல் பிடித்து வைக்கத்தான் அந்தத் தையல். பூவும் கொடியும் அதற்கு மேல் வருகிற அழகு. ஆகவே யார் போர்த்தப் போகிறார்கள், எப்படித் துவைப்பார்கள், நடுவில் என்ன வைக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள், டிசைன் பாதி அதிலேயே முடிவாகிவிடும்.

உங்கள் மகள் குன்னூரில், வேலைக்குப் போகிற பெண், கட்டாயம் வாஷிங் மெஷினில்தான் போடுவாள். அதற்குத் தாங்க வேண்டும். இலவம் பஞ்சு வேண்டவே வேண்டாம், தலையணைக்கு அது அருமை, ஆனால் இழை குட்டை, வழுவழுப்பு, ஒன்றோடொன்று பிடித்து நிற்காது, இரண்டு துவையலில் மூலையில் போய் உருண்டுவிடும். மெத்தைக் கடையில் அடித்துத் தருகிற உதிரிப் பருத்திப் பஞ்சும் இரண்டு விரல் இடைவெளியில் நெருக்கித் தைத்தால்தான் நிற்கும். வாடிங் வாங்குங்கள், அதாவது உதிரியாக இல்லாமல் ஷீட்டாக வருகிற பஞ்சு. பாலியஸ்டர் வாடிங்கை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை) சொல்லி விற்பார்கள், 100 முதல் 150 வரை போதும், அதற்கு மேல் போனால் உங்கள் மெஷினோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பருத்தி வாடிங் கிடைத்தால் இன்னும் நல்லது, போர்த்தினால் உடம்போடு படிந்து கிடக்கும். இதே போர்வை கோபியிலேயே இருக்கப் போகிறது என்றால் வாடிங்கே வேண்டாம், பழைய நூல் வேட்டி இரண்டை நடுவில் விரித்தாலே நம் மார்கழிக்குத் தாராளம். வாங்கும்போது எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் வர வேண்டும் என்று கேளுங்கள், சில வகைக்கு நான்கு அங்குலம், சில வகைக்கு எட்டு, பத்து வரைகூட விடலாம். அந்த அளவைத் தாண்டி இடம் விட்டால் உள்ளே பிய்ந்து கட்டிகட்டியாகும்.

இனி மேல்துணி. பழைய சேலை என்பதால் ஒவ்வொரு சதுரத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நூல் விலகி வெளிச்சம் ஊடுருவுகிற இடம், இரண்டு கட்டைவிரலால் லேசாக இழுத்தால் சரசரவென்று பிரிகிற இடம் எங்காவது இருந்தால் அந்தச் சதுரத்தின் மேலேயே இன்னொரு துண்டை ஓரம் மடித்து வைத்துக் கையால் தைத்துவிடுங்கள். பிரித்து மாற்ற வேண்டாம், பிரிக்கும்போது பக்கத்துத் துணியும் போய்விடும். அடிப்பக்கம் தொங்குகிற கறுப்பு, சிவப்பு நூல்களை ஒட்ட வெட்டுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைச் சதுரத்தின் வழியாகக் கோடு கோடாகத் தெரியும். சாயம் போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள், அடர்சிவப்பு, அரக்கு நிறச் சதுரங்களின் மேல் ஈர வெள்ளைத் துணியை வைத்து அழுத்தினால் தெரிந்துவிடும். சுற்றிலும் விளிம்பை ஒட்டி ஒரு ஓட்டம் தையல் போட்டுவிட்டால் ஓரத்துச் சதுரங்கள் பிரியாது.

அடித்துணி மேல்துணியைவிட நான்கு பக்கமும் நான்கு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும், அதாவது உங்களுக்கு 68க்கு 98. சிங்கிள் பெட்ஷீட்டே 60க்கு 90தான், பற்றாது. 90க்கு 108 அளவுள்ள டபுள் பெட்ஷீட் மெல்லியதாக ஒன்று எடுங்கள், அல்லது ஈரோடு கனி மார்க்கெட் பக்கம் போனால் 44 அங்குல அகல மல் துணி ஐந்தரை மீட்டர் வாங்கி, இரண்டாக வெட்டி நீளவாட்டில் இணைத்துக்கொள்ளுங்கள். சென்னிமலை பெட்ஷீட் எனக்கு உயிர், ஆனால் கனமான ரகம் அடித்துணிக்குச் சரிவராது, கை ஊசி உள்ளே போகத் திணறும். எதுவானாலும் முதலில் நனைத்துக் காயவைத்துவிடுங்கள், புது நூல் துணி சுருங்கும். அம்மாயியின் சேலை பல வருஷம் துவைத்து அடங்கியது, அது சுருங்காது. அடித்துணி மட்டும் சுருங்கினால் போர்வை ஓரமெல்லாம் சுருட்டிக்கொள்ளும்.

கரூர் யோசனையை நான் ஏற்கமாட்டேன். அங்கே இருப்பவை பல ஊசி மெஷின்கள், ரோல் ரோலாக வரும் துணிக்கு ஒரே டிசைனை அடித்துக்கொண்டே போவதற்கானவை. ஒற்றைப் போர்வைக்காக மெஷினை மாற்றிக் கட்டுவது அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அப்படியே போட்டுத் தந்தாலும் உங்கள் சதுரம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அது பார்க்காது, நைந்த துணியில் அவ்வளவு நெருக்கமான ஊசிக்குத்தும் ஆகாது.

பெடல் மெஷினில் முடியும். தையல்கடைத் தம்பி சொன்னதில் பாதி சரி: ஊசிக்கும் மெஷினின் கைக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட இருக்காது, நடுக்கோடு தைக்கும்போது பாதிப் போர்வை அந்தச் சந்துக்குள் சுருட்டி அடங்க வேண்டும். மெல்லிய வாடிங் என்றால் பாய் சுருட்டுவதுபோல இறுகச் சுருட்டி உள்ளே விடலாம், அடங்கும். பூ, கொடி, வளைவு எதுவும் வேண்டாம், அவ்வளவு கனத்தை ஊசிக்குக் கீழே திருப்பித் திருப்பிக் கை ஓய்ந்துவிடும். மூலைக்கு மூலை குறுக்குக் கோடு போடுங்கள். சாக்பீஸ் கோடுகூட வேண்டாம், சதுரத்தின் மூலைகளே வழிகாட்டும். ஐந்து அங்குலச் சதுரத்தில் இந்தக் கோடுகள் சுமார் மூன்றரை அங்குல இடைவெளியில் விழும், நான்கு அங்குலம் கேட்கிற வாடிங்குக்கே போதும். ஒரு திசையில் போட்டு முடித்துத் தள்ளி நின்று பாருங்கள், பிடித்திருந்தால் மறு திசையிலும் போடலாம், டைமண்ட் டைமண்டாக வரும். சேலைத் துணி நைந்ததாக இருப்பதால் ஒரு திசையே போதும் என்பது என் எண்ணம்.

உங்கள் வேலையில் எதைச் சுருக்கினாலும் கச்சாத் தையலை, அதாவது மூன்று அடுக்கும் நகராமல் தற்காலிகமாகப் பிடித்து வைப்பதை, சுருக்காதீர்கள். கூடத்தில் கட்டில், நாற்காலியை ஒதுக்கிவிட்டு அடித்துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, சுற்றிலும் டேப் ஒட்டி, இழுத்து விறைக்காமல் ஆனால் சுருக்கமே இல்லாமல் பிடித்துக்கொண்டு, அதன்மேல் வாடிங், அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து வெளியே தடவிக்கொண்டே வந்து, உள்ளங்கையை எங்கே வைத்தாலும் அதற்கடியில் ஒரு பின்னாவது படுகிற நெருக்கத்தில் சேஃப்டி பின் குத்துங்கள், அல்லது பெரிய பெரிய ஓட்டுத்தையலாகக் கட்டம் கட்டமாகப் போடுங்கள். குனிந்து முதுகு வலிக்கும், துணைக்கு ஆள் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். குறுக்குக் கோட்டில் துணி இழுபடும் தன்மை அதிகம், கச்சாத் தையல் தளர்ந்திருந்தால் பின்பக்கம் கொசுவம் கொசுவமாக விழுந்துவிடும்.

தைக்கும்போது 16 நம்பர் ஊசி, தையல் நீளம் 3 மி.மீ., மெஷின் தலைமேல் இருக்கும் பிரஷர் திருகைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். வாக்கிங் ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கிற பாதத்துக்குப் பதிலாக மாட்டுவது) உங்கள் மெஷினுக்குப் பொருந்துமா என்று ஸ்பேர் கடையில் கேளுங்கள், அது மேல்துணியையும் அடித்துணியோடு சேர்ந்தே நகர்த்தும், கிடைத்தால் பெரிய உதவி. போர்வையில் கைவைக்கும் முன் இதே மூன்று அடுக்கில் ஒரு அடிக்கு ஒரு அடி துண்டு வைத்துத் தைத்து, திருப்பி அடிப்பக்கம் நூல் முடிச்சு முடிச்சாக வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். முதல் கோடு நடுவில், அப்புறம் வெளியே, எல்லாக் கோடும் ஒரே பக்கத்திலிருந்து. ஒன்று மேலிருந்தும் அடுத்தது கீழிருந்தும் போனால் துணி முறுக்கிக்கொள்ளும்.

ஓரப்பட்டிக்கு 65 செ.மீ. துணி போதும். இரண்டரை அங்குலப் பட்டி எட்டு வெட்டி இணைத்து, இரட்டையாக மடித்து அடியுங்கள். பாலியஸ்டர் வாடிங் என்றால் முடித்த பிறகு சூடான அயர்ன் பாக்ஸ் வைக்கவே கூடாது.

கேள்வி: பனியன் கம்பெனி கட்டிங் துணியில் மேல்துணி தைத்தேன், அலை அலையாக நிற்கிறது. என்ன செய்வது?
– வாசகி, திருப்பூர்

பதில்: பின்னல் துணி இழுபடும், அதுதான் காரணம். ஊசியை முனை உருண்ட பால்பாயின்ட்டுக்கு மாற்றுங்கள், சாதா ஊசி கண்ணியை அறுத்து ஓட்டை விழ வைக்கும். இஸ்திரி போடும்போது தேய்த்து இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள், நீராவியில் ஓரளவு அடங்கும். அடித்துணிக்குப் பனியன் துணி போடாதீர்கள், நெய்த நூல் துணியாக இருந்தால் அது இழுக்காமல் பிடித்து வைக்கும். மெஷின் கோடு போட்டால் அலை இன்னும் கூடலாம், இதற்கு நான் முடிச்சுதான் சொல்வேன். மெத்தைக்குப் போடுவது மாதிரி கனமான நூலை மேலிருந்து கீழே விட்டு மேலே எடுத்து இறுக்கி இரட்டை முடிச்சு, நான்கு அங்குலத்துக்கு ஒன்று. வாடிங் ஷீட்டாக இருக்க வேண்டும், உதிரிப் பஞ்சுக்கு முடிச்சு பற்றாது.

கேள்வி: என்னிடம் தையல் மெஷினே இல்லை, துண்டுத் துணி மட்டும் மூட்டையாக இருக்கிறது. கையாலேயே முழுப் போர்வையும் தைக்க முடியுமா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: தாராளமாக. நம் பக்கத்து மாநிலத்திலேயே, உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியான சித்தி சமூகத்துப் பெண்கள் கவந்தி என்று ஒரு போர்வை தைக்கிறார்கள், மேல்துணி என்று தனியாக எதுவும் கிடையாது. பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் ஆரம்பித்து, துண்டுகளின் ஓரத்தை மடித்து மடித்து வைத்தபடி ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டு ஓரமாகவே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். துண்டு சேர்ப்பதும் அடுக்குகளைப் பிடிப்பதும் ஒரே தையலில் முடிந்துவிடும். கடைசியில் நான்கு மூலையிலும் மடித்த துணியில் இதழ் மாதிரி வைத்து முடிப்பார்கள், அந்த மூலைகளைப் பார்க்கவே அவ்வளவு லட்சணம். வங்காளத்துக் காந்தாவும் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டதுதான், நடுவில் பஞ்சு இல்லை. உங்கள் ஊர்க் காற்றுக்கு இந்தக் கனமே சரி. தையல் வரிசைகளை ஒரு விரல் இடைவெளியில் வைத்துக்கொண்டு, நைந்த துணியை ஓரத்தில் வைக்காமல் உள்ளே வையுங்கள், ஓரம்தான் முதலில் தேயும். முதலில் குழந்தைத் தொட்டிலுக்கு ஆகிற அளவில் ஒன்று தைத்துப் பாருங்கள், கை பழகிவிடும்.

கேள்வி: தையல் கோடு போட பென்சில் உபயோகித்தேன், துவைத்தும் போகவில்லை. வேறு எதில் போடலாம்?
– வாசகி, தாராபுரம்

பதில்: குளித்துத் தேய்ந்த சோப்புத் துண்டை நன்றாகக் காயவைத்து, அதன் கூரான ஓரத்தால் கோடு போடுங்கள், அடர்நிறத் துணியில் பளிச்சென்று தெரியும், முதல் துவையலில் போய்விடும். வெள்ளைத் துணிக்கு மார்க்கிங் சாக்கில் நீலம் போதும், ஒரு ஓரத்தில் போட்டு நனைத்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். கோட்டின் மேல் அயர்ன் மட்டும் வைத்துவிடாதீர்கள், சில சாக்கு சூடு பட்டால் துணியிலேயே தங்கிவிடும்.