கடலில் நனைந்த கடிதங்கள்

கேள்வி: அட்லாண்டிக்கைத் தாண்டிய ஆரம்பகால விமானத் தபால் உறைகளைச் சேர்க்க ஆசை. கறை படிந்த உறையை வாங்கலாமா?

பதில்: தாராளமாக! சில உறைகளுக்குக் கறைதான் அழகே. 1919 மே 18 அன்று விமானி ஹாக்கரும் அவருக்கு வழிகாட்டிய மெக்கன்சி கிரீவும் கனடாவை ஒட்டிய நியூஃபவுண்ட்லாந்துத் தீவிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டத் தபால் பையோடு கிளம்பி, எஞ்சின் சூடாகி நடுக்கடலில் இறங்க வேண்டியதாகி, ஒரு கப்பல் அவர்களைக் காப்பாற்றியது. தபால் பையை அப்புறம் இன்னொரு கப்பல் மீட்டது. அந்த உறைகளில் கரிபூ மான் படம் போட்ட 3 சென்ட் பழுப்புத் தபால்தலை இருக்கும், அதன்மேல் கறுப்பில் ‘ஏப்ரல், 1919’ என்று அச்சு. விமானம் பறந்ததோ மே மாதம். மொத்தமே 200 தபால்தலைகளில்தான் அப்படி அச்சடித்தார்கள். போலி அச்சும் உலவுகிறது, நிபுணர் சான்றிதழ் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள். சரி, வாங்கிவிட்டால்? உப்புத்தண்ணீர்க் கறையைத் தேய்த்துச் சுத்தம் செய்யவே கூடாது.