160 ஏக்கரும் 5 ஆண்டுகளும்

கேள்வி: உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் இலக்கியப் பாடத்திற்காக ஓர் ஆங்கில இளையர் நாவலைக் கொடுத்திருக்கிறார்கள். 1880களில் அமெரிக்கப் பிரேரி புல்வெளியில் அரசாங்க நிலம் பெற்றுக் குடியேறும் குடும்பத்தின் கதை அது. “வேலி போடுகிறார்கள், மாடு கறக்கிறார்கள், மழைக்குக் காத்திருக்கிறார்கள். கதை எங்கே அம்மா?” என்று கேட்கிறாள். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டிலேயே வளர்ந்த பிள்ளைக்கு இதை எப்படிப் புரியவைப்பது?
- ஒரு வாசகி, யீஷூன்

பதில்: அன்புச் சகோதரி, கதை அந்த வேலியில்தான் இருக்கிறது, ஆனால் அக்காலத்துச் சட்டம் தெரியாமல் அது கண்ணில் படாது. 1862ஆம் ஆண்டில் அதிபர் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி, 21 வயது நிரம்பியவரோ குடும்பத் தலைவரோ சிறு கட்டணம் செலுத்தி 160 ஏக்கர் வரை தம் பெயரில் பதிந்துகொள்ளலாம். மணமாகாத பெண்களும் கணவரை இழந்தவர்களும்கூட அப்படிப் பதிந்தார்கள். ஆயினும் நிலம் உடனே சொந்தமாகிவிடாது. 5 ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, கரம்பை உழுது பயிரிட்டு, இரண்டு சாட்சிகளைக் கொண்டு அதை மெய்ப்பித்த பிறகே பட்டா கைக்கு வரும். இதைத் தெரிந்துகொண்டு படித்தால், ஒரு மாடு செத்துப்போவதும் ஆலங்கட்டி மழையில் கோதுமை சாய்வதும் வெறும் வருணனையாக இருக்க மாட்டா. இந்தக் குடும்பம் ஐந்தாம் ஆண்டு வரை தாக்குப்பிடிக்குமா என்ற கேள்வி பக்கத்துக்குப் பக்கம் கூடவே வரும். பட்டா வாங்காமலே வண்டி கட்டிக்கொண்டு திரும்பியவர்கள் ஏராளம்.

அடுத்ததாக, ஒரு மாலையில் மகளைப் பீஷான்-அங் மோ கியோ பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அதன் பரப்பு 62 ஹெக்டர். 160 ஏக்கர் என்பது ஏறத்தாழ 65 ஹெக்டர். அதாவது அந்தப் பூங்கா முழுவதும் ஒரே குடும்பத்தின் பங்கு. அங்குள்ள மரங்களையும் சுற்றியுள்ள அடுக்குமாடிகளையும் மனத்தால் அகற்றிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மரம் இல்லாத காரணத்தால்தான் அம்மக்கள் புல்தரையையே வெட்டி வீடு கட்டினார்கள். கலப்பையால் நீளவாக்கில் கீறி எடுத்த மண்ணை, வேர்கள் இறுகப் பிடித்திருக்கும் நிலையிலேயே மண்வெட்டியால் துண்டாக்கி, புல் கீழ்ப்பக்கம் இருக்கும்படி செங்கல் போல அடுக்கினார்கள். பெருமழை பெய்தால், வெளியே விட்ட பின்பும் வீட்டுக்குள் சேறு சொட்டும். கூரையிலிருந்து உதிரும் மண்ணும் பூச்சியும் சமையலில் விழாதிருக்கப் பெண்கள் துணியை விரித்துக் கட்டினார்கள். விறகுக்குப் பதிலாகக் காய்ந்த சாணத்தை எரித்தார்கள். நம் பாட்டிமார் தட்டிய வறட்டியைச் சொன்னால் மகளுக்கு விளங்கும். அதுவும் தீர்ந்தபோது வைக்கோலை முறுக்கி முறுக்கி அடுப்பில் வைத்தார்கள்; அது நொடியில் எரிந்துவிடுமாதலால், பனிக்காலத்தில் யாராவது ஒருவர் முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

நாவலைப் பகுத்துப் படிக்க நம்மிடமே நல்ல கருவி இருக்கிறது. ஓர் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். நிலமும் பருவமும் முதலில். மாடு, கலப்பை, கோதுமை, வெட்டுக்கிளி ஆகியன அடுத்து. அவற்றிலிருந்து எழும் உணர்வு கடைசியில். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. அந்தப் புல்வெளியின் மேற்குப் பகுதியிலோ 500 மில்லிமீட்டரைத் தொடுவதே அரிது. மழைக்காகக் காத்திருப்பது அங்கே முல்லைத் திணையில் தலைவி தலைவனுக்காகக் காத்திருக்கும் ‘இருத்தலைப்’ போல ஓர் உரிப்பொருளாகவே ஆகிவிடுகிறது.

இவ்வளவு துன்பத்தை ஏன் பொறுத்தார்கள் என்று மகள் கேட்கக்கூடும். மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்காகக் காட்டை வெட்டித் திருத்திய நம் முன்னோரில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த மண்ணில் ஒரு காணிகூடச் சொந்தமாகவில்லை. உழைத்த நிலம் உழைத்தவருக்கே வரும் என்ற வாக்குறுதியின் எடை எவ்வளவு என்பது அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு எளிதில் புரியும்.

கேள்வி: இதே வகை நாவல் ஒன்றைத் துணைப்பாட வகுப்பில் நடத்துகிறேன். “யாருமில்லாத நிலம்” என்று பாத்திரங்கள் திரும்பத் திரும்பப் பேசுகின்றன. அங்கிருந்த பூர்வகுடிகளைப் பற்றிச் சொன்னால் மாணவர்களின் வாசிப்பு இன்பம் கெட்டுவிடுமா?
- ஒரு வாசகர், செம்பவாங்

பதில்: கெடாது, சொல்லாமல் விடுவதுதான் பிழை. 1862 டிசம்பர் 26ஆம் தேதி, மினசோட்டாவின் மன்காட்டோ நகரில் லிங்கனின் ஒப்புதலோடு டகோட்டா இனத்தைச் சேர்ந்த 38 ஆண்கள் ஒரே நேரத்தில் தூக்கிலிடப்பட்டார்கள். ஒப்பந்தப்படி அமெரிக்க அரசிடமிருந்து டகோட்டா மக்களுக்கு வர வேண்டிய பணம் தாமதமாகி, பசி முற்றிய நிலையில் மூண்ட போரின் முடிவு அது. ஆறே நாள் கழித்து, 1863 ஜனவரி 1ஆம் தேதி ஹோம்ஸ்டெட் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் டகோட்டா மக்கள் மினசோட்டாவிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். இவ்விரண்டு தேதிகளையும் வெண்பலகையில் அடுத்தடுத்து எழுதிவிட்டு, “யாருமில்லாத நிலம்” என்ற சொற்கள் வரும் இடங்களை மாணவர்களைக் கோடிடச் சொல்லுங்கள். ஒவ்வோர் இடத்திலும் அதைச் சொல்வது பாத்திரமா, ஆசிரியரா என்று கேளுங்கள். விடை எல்லா இடத்திலும் ஒன்றாக இராது. அந்த விவாதத்துக்கு ஒரு வகுப்பு முழுவதையும் ஒதுக்குங்கள்.