மகனுக்கு வயது 19, கையெழுத்து அப்பாவுடையது

கேள்வி: கொங்குப் பகுதியில் சிறிய விசைத்தறிக் கூடம் வைத்திருக்கிறேன். மூத்த மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு, வயது 19. கஞ்சா, வலி மாத்திரை என்று பழகி, விடுதிக்குப் பக்கத்தில் 40 கிராம் கஞ்சாவோடு பிடிபட்டு ஜாமீனில் வந்தான். "சென்டரில் சேர்த்துவிட்டால் கேஸே நிற்காது" என்றார் தெரிந்தவர் ஒருவர். ஒரு தனியார் மறுவாழ்வு மையத்துக்கு போன் செய்தேன். இரவு இரண்டு மணிக்கு நான்கு பேர் வேனில் வந்து, தூங்கிக்கொண்டிருந்தவனைக் கையைக் கட்டித் தூக்கிப் போனார்கள். ஆறு மாதத்துக்கு 1,80,000 ரூபாய் என்று பேச்சு. ஒரு லட்சம் ரொக்கமாகக் கொடுத்தேன், மீதிக்கு 40,000 வீதம் இரண்டு செக். 20 ரூபாய் பத்திரத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். 45 நாள் பார்க்கவும் பேசவும் விடவில்லை. 46ஆம் நாள் சண்டை போட்டு உள்ளே போனால், மொட்டை அடித்து, முதுகெல்லாம் தழும்போடு நின்றான். அன்றே கூட்டி வந்துவிட்டோம். இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. மையத்தின் மீது போலீசில் புகார் கொடுத்து இழுத்து மூட வேண்டும், பணம் திரும்ப வேண்டும். அவர்களோ ஒரு செக்கை பேங்கில் போட்டு, அது திரும்பியதும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். நோட்டீஸ் வந்து எட்டு நாள் ஆகிறது. மீதிப் பணத்தைக் கட்டினால், ஆறு மாத சிகிச்சை முடித்ததாகச் சான்றிதழ் தருகிறார்களாம். இளையவனுக்கு 16 வயது. உதட்டுக்குள் புகையிலை வைக்கிறான். அவனுக்காவது நல்ல மையமாகப் பார்க்கலாமா? மூத்தவன் எங்களோடு பேசுவதில்லை.

பதில்:

உங்கள் கடிதத்தில் மொட்டை அடித்தது, கழிவறை கழுவ வைத்தது, புளித்த சாம்பார், மேலாளர் மரியாதையில்லாமல் பேசியது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். கட்டாயமாக மொட்டை அடிப்பதையும் வேலை வாங்குவதையும் மனநலப் பராமரிப்புச் சட்டமே தடுக்கிறது. மற்றவற்றில் பெரிதாக வழக்கு இல்லை. முதுகில் தழும்பு விழ அடித்ததிலும் வழக்கு இருக்கிறது. ஆனால் மூன்று வாரமாக அரசு மருத்துவமனைக்குப் போகவில்லை, ஏ.ஆர். காப்பி (காயங்களை மருத்துவமனை பதிந்து தரும் நகல்) இல்லை, தழும்பும் இந்நேரம் மங்கியிருக்கும். சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு வரிதான்: மகனுக்கு வயது 19. அந்த வயதில் அவருக்குக் கார்டியன் என்று யாரும் கிடையாது. பத்திரத்தில் 'பாதுகாவலர்' என்ற இடத்தில் நீங்கள் போட்ட கையெழுத்துக்கு, அவரை ஒரு நாள் அடைத்து வைக்கும் அதிகாரம்கூடக் கிடையாது.

"அவன் ஒத்துக்கொள்ளவே மாட்டானே, பெத்தவன் என்னதான் செய்வது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்புகளும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. அதன் 89ஆம் பிரிவின்படி சம்மதம் இல்லாமலும் சேர்க்கலாம். அதற்கு ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநலத் துறையினரோ, சேர்க்கும் அன்றோ அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள்ளோ, தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும். தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலை, அல்லது தன்னையே கவனித்துக்கொள்ள முடியாத நிலை என்று இருவரும் சொல்ல வேண்டும். சொந்தமாக முடிவெடுக்க முடியாத அளவுக்கு அவர் இருக்க வேண்டும். ஏழு நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். இவ்வளவும் செய்தாலும் 30 நாள்தான். அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் இரண்டு மனநல மருத்துவர்கள் பார்த்து, வாரியம் ஒப்புக்கொள்ள வேண்டும். 'ஆறு மாத பேக்கேஜ்' என்பது மையங்கள் அச்சடித்த விலைப்பட்டியலில் இருக்கிறது, சட்டத்தில் இல்லை. உங்கள் மகனை எந்த மருத்துவரும் பார்க்கவில்லை. வேன் டிரைவர்தான் பார்த்திருக்கிறார்.

ஆக, அது சட்ட விரோத அடைப்பு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆம் பிரிவில், பத்து நாளுக்கு மேல் அடைத்து வைத்தால் ஐந்து ஆண்டு வரை தண்டனை. உங்கள் மகன் 45 நாள் இருந்திருக்கிறார். இதைப் படித்ததும் உங்களுக்குத் தெம்பு வந்திருக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

வேனை வரவழைத்தது யார்? கதவைத் திறந்துவிட்டது யார்? பணம் கொடுத்தது, பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது யார்? நீங்கள் எழுதித் தரப்போகும் புகாரின் முதல் பத்தியே உங்கள் வாக்குமூலமாகிவிடும். என்னிடம் இதே மாதிரி ஒருவர் வந்தார். நான் தடுத்தும் கேட்காமல் புகார் கொடுத்தார். மையக்காரர்கள் விசாரணையில் நிதானமாக ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். "கால் கையைக் கட்டியாவது தூக்கிட்டுப் போங்க சார், நான் பாத்துக்கறேன்" என்று அவர் குரல். குற்றப்பத்திரிகை வரும்போது மையத்தின் உரிமையாளர் ஏ1 (முதல் குற்றவாளி), புகார் கொடுத்த அப்பா ஏ4. அரசுத் தரப்பு முதல் சாட்சி, அவருடைய மகன். நல்ல எண்ணத்தில் செய்தேன் என்று கடைசியில் நீதிமன்றத்தில் சொல்லலாம், தண்டனை இல்லாமலும் போகலாம். ஆனால் கடைசி எப்போது வரும் என்பது உங்களுக்கும் தெரியும். பையனும் அப்பாவும் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் போனிலும் அப்படி ஏதாவது பதிவு இருந்தால் அதை அழிக்காதீர்கள். அவர்களிடம் ஒரு காப்பி இருக்கும். நீங்கள் அழித்தது மட்டும் தனியாகத் தெரியும்.

இழுத்து மூடுவது பற்றி. போர்டில் டிரஸ்ட் பதிவு எண், ஜிஎஸ்டி எண், ஐஎஸ்ஓ முத்திரை எல்லாம் மின்னும். கேட்க வேண்டியது, மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்பது மட்டும்தான். ஆணையத்துக்கு ஒரு ஆர்.டி.ஐ. மனுவோ கடிதமோ போட்டால் பதில் வரும். பதிவு இல்லையென்றால்? முதல் தடவைக்குச் சட்டம் சொல்லும் அபராதம் 5,000 ரூபாயிலிருந்து 50,000 ரூபாய் வரை. உங்கள் கோபத்தின் அளவுக்கு அது இல்லைதான். ஆனால் பேரம் பேசும்போது அந்தப் பதில் கடிதம் உங்கள் கையில் இருந்தால் எதிர்த் தரப்பு வக்கீலின் குரல் இறங்கும், அதற்காகவே வாங்கி வையுங்கள்.

அப்புறம் அந்தச் சான்றிதழ். கடிதத்தில் எனக்குப் பயமாக இருந்த இடம் இதுதான்.

'சென்டரில் சேர்த்தால் கேஸ் நிற்காது' என்பது முழுப் பொய் அல்ல. முக்கால்வாசி மட்டும் காதில் விழுந்த உண்மை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவில் அப்படி ஒரு பாதுகாப்பு இருக்கிறது. கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறிய அளவு, எனவே 40 கிராம் அதற்குள்தான் வருகிறது. ஆனால் அந்தப் பிரிவு அடிமையானவர் தானாக முன்வர வேண்டும் என்கிறது. அரசோ உள்ளாட்சியோ நடத்தும், அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற வேண்டும் என்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் பாதுகாப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. கையைக் கட்டித் தூக்கிப் போனதை எந்த நீதிபதியிடம் போய் 'தானாக முன்வந்தார்' என்று சொல்வீர்கள்? 46 நாளில் கூட்டி வந்துவிட்டு ஆறு மாதம் முடித்ததாக ஒரு காகிதத்தை நீதிமன்றத்தில் கொடுத்தால், அது பொய்ச் சான்றிதழை மெய் என்று பயன்படுத்திய தனிக் குற்றம். ஒரு வருடம் வரை தண்டனை உள்ள சின்ன வழக்கைத் தீர்க்கப் போய், பொய் ஆவண வழக்கை வாங்கிக்கொண்ட கட்சிக்காரர் ஒருவர் எனக்கு உண்டு. அவருக்குச் சான்றிதழ் கொடுத்த அதே மையம், ஆறு மாதம் கழித்துத் தகராறு வந்தபோது, 'அந்தப் பையன் இடையிலேயே போய்விட்டான்' என்று வருகைப் பதிவேட்டோடு கடிதம் கொடுத்தது. அந்தக் காகிதத்துக்காக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

64ஏ கதவு இன்னும் சாத்தப்படவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ, சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலோ, அரசு மருத்துவமனைகளில் போதை மீட்புக்காகத் திறந்திருக்கும் கலங்கரை மையத்திலோ மகன் தானே போய்ச் சேர்ந்து, ஓ.பி. சீட்டிலிருந்து டிஸ்சார்ஜ் வரை ஒவ்வொரு காகிதத்தையும் பத்திரமாக வைத்திருந்தால், அதைக் காட்டி வழக்கில் கேட்கலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 கட்டணமில்லா எண். மகன் போகமாட்டேன் என்றால் இந்த வழியும் இல்லை. அதற்கு என்னிடம் மருந்து கிடையாது.

செக் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. "அவங்க செஞ்ச அநியாயத்துக்கு அவங்களே எப்படி சார் கேஸ் போட முடியும்?" என்று நோட்டீஸை அலமாரியில் வைத்துவிட்டு வந்தவர்களை எண்ணி முடியாது. போடலாம். போடுவார்கள். செக்கில் கையெழுத்து உங்களுடையது என்றால், கடனுக்குத்தான் கொடுத்தீர்கள் என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டே தொடங்கும். இல்லை என்று காட்டும் சுமை உங்கள் தலையில். நோட்டீஸ் கையில் கிடைத்து 15 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர்கள் வழக்குப் போடலாம். வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கட்டச் சொல்லலாம். இரண்டாவது செக்குக்கு ஸ்டாப் பேமென்ட் கொடுத்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று பேங்கில் யாராவது சொல்லியிருப்பார்கள். அதற்கும் இதே செக் மோசடிப் பிரிவு, 138தான். உங்களிடம் எதிர்வாதம் இருக்கிறது: சட்டப்படி செய்யவே முடியாத வேலைக்குக் கொடுத்த செக், 46 நாளில் முடிந்துபோன சேவை. நல்ல வாதம். ஆனால் அதைச் சொல்லக் கூண்டில் ஏறினால் எதிர்த் தரப்பு வக்கீல் கேட்கப்போகும் முதல் கேள்வி, 'வேனைக் கூப்பிட்டது நீங்கள்தானே?' என்பதாக இருக்கும். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறது பாருங்கள்.

அதனால் சமரசம் பேசுங்கள் என்கிறேன். இரண்டு செக்கும் பத்திரமும் கைக்கு வர வேண்டும், இனிப் பாக்கி எதுவும் இல்லை என்று எழுதி வாங்க வேண்டும். கொடுத்த ஒரு லட்சத்தில் பாதி திரும்பினால் அதிர்ஷ்டம். ஒன்றுமே திரும்பாவிட்டாலும் செக்குகள் வந்தால் நான் கையெழுத்துப் போடச் சொல்வேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்றால், போகலாம். இரண்டு வருடம் அவகாசம் உண்டு, இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. சமரசம் முறிந்தால் அங்கே பார்ப்போம்.

சமரசப் பத்திரத்தில் ஒரு வரி மட்டும் வரக்கூடாது. 'என் மகன் சார்பிலும் எந்தப் புகாரும் கொடுக்கமாட்டோம்' என்று கட்டாயம் எழுதிக்கொண்டு வருவார்கள். அதை அடியுங்கள். அடைத்து வைத்த குற்றத்தில் சமாதானமாகப் போகும் உரிமை, அடைபட்டிருந்தவருக்குத்தான். அவருடைய புகாரை விற்க உங்களுக்கு உரிமை இல்லை. 19 வயது ஆளுக்காக நீங்கள் போட்ட முதல் கையெழுத்து கொண்டுவந்த வம்பு போதும். அவர் மையத்தின் மீது புகார் கொடுக்க விரும்பினால் கொடுக்கட்டும், வேறு வக்கீல் வைத்துக்கொள்ளட்டும். நான் உங்களுக்கும் அவருக்கும் சேர்த்து ஆஜராக முடியாது. உங்கள் மீதும் சேர்த்துத்தான் புகார் கொடுப்பேன் என்று அவர் சொன்னால், அதையும் நீங்கள் தடுக்க முடியாது.

இளையவருக்கு வயது 16 என்பதால் அங்கே உங்கள் கையெழுத்து செல்லும். ஆனால் 18 வயதுக்குக் கீழே சேர்க்கும்போது பெரியவர்களோடு ஒரே அறையில் வைக்கக்கூடாது, சேர்த்து 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும், இருக்கும் நாள் முழுக்க பெற்றோரோ அவர்கள் வைத்த துணையாளோ கூடவே தங்க வேண்டும். 'முதல் 45 நாள் பார்க்கவே வரக்கூடாது' என்று சொல்லும் மையம் 16 வயதுப் பையனைச் சேர்த்துக்கொள்கிறது என்றால், வாசலிலேயே சட்டத்தை மீறுகிறது. அது நல்ல மையமா என்று என்னைக் கேட்கவே வேண்டாம். உதட்டுப் புகையிலைக்குப் பையனை அடைக்க வேண்டுமா என்பதை முதலில் மனநல மருத்துவர் ஒருவரிடம் கேளுங்கள்.

எட்டு நாள் போய்விட்டது, ஏழு நாள் இருக்கிறது. நோட்டீஸ் வந்த உறை (தபால் முத்திரைத் தேதி வேண்டும், கிழித்துப் போட்டுவிடாதீர்கள்), பத்திரத்தின் நகல், செக் புத்தகத்தின் அடிக்கட்டை, பணம் கொடுத்த ரசீது ஏதாவது இருந்தால் அதுவும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமைக்குள் யாராவது ஒரு வக்கீலைப் பாருங்கள். முடிந்தால் மகனையும் கேட்டுப் பாருங்கள், வருகிறாரா என்று. வந்தால், அவர் பேசி முடிக்கும்வரை நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும்.