"அப்பா துபாயில் இருக்காங்க": பிள்ளைகளைப் பற்றி டீச்சரிடம் கேட்டவை

பாளையங்கோட்டைப் பக்கம் 31 வருடம் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். வந்த கேள்விகளில் ஒன்று காத்திருக்கக் கூடாதது. அதை முதலில் எடுக்கிறேன்.

ஆலங்குளத்திலிருந்து ஒரு தாய்மாமன்: அக்கா மகளுக்கு 7 வயது. "பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு ரகசியம் வச்சிருக்கு, சொன்னா அம்மா செத்துப்போவாங்களாம்" என்கிறாள். எப்போதும் கற்பனையாகப் பேசுகிற பிள்ளை. நம்புவதா, டீச்சர்?

நம்புங்கள். பிள்ளை தானாகக் கட்டும் கதையில் பூதம் வரும், புலி வரும். இப்படிப்பட்ட மிரட்டல் பெரும்பாலும் யாரோ சொல்லிக் கொடுத்ததாகத்தான் இருக்கும். இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது, நீ சொன்னது நல்லது" என்று சொல்லுங்கள். துருவாதீர்கள், நீங்களாக வார்த்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். அவள் சொன்னதை அவள் சொல்லிலேயே எழுதி வையுங்கள். அந்தப் பையனோடு அவள் தனியாக இருக்கவே வேண்டாம். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098க்குப் பேசுங்கள்; இலவசம், இரவிலும் எடுப்பார்கள். பாலியல் தொந்தரவு என்று தெரியவந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் கொடுப்பது கட்டாயம். பிள்ளையின் பெயர் வெளியே வரக்கூடாது என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. மானம் போகும் என்று வீட்டில் யார் தடுத்தாலும் நிற்காதீர்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு அம்மா: 5 வயது மகள் புறவாசல் வேப்பமரத்தடியில் 'செம்பகம்' என்று ஒருத்தியோடு தினமும் பேசுகிறாள். அங்கே யாரும் இல்லை. பேயோட்டும் கோடாங்கியிடம் கூட்டிப்போகச் சொல்கிறார்கள் ஆச்சி.

பயப்படாதீர்கள். மூன்று வயதிலிருந்து ஏழெட்டு வயது வரை எத்தனையோ பிள்ளைகளுக்கு இப்படி ஒரு தோழி இருப்பாள். ஆச்சி திருநீறு பூசிவிடட்டும், அது அன்பு. கோடாங்கி மட்டும் வேண்டாம். தனக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று அந்தப் பிள்ளை நம்பிவிடும். செம்பகத்துக்கு எது பிடிக்காது என்று கேட்டுப் பாருங்கள். என் வகுப்பில் ஒருத்தி, தன் தோழிக்கு வீட்டில் படுக்க இடமில்லை என்றாள். விசாரித்தால், தம்பி பிறந்ததும் இவள் பாயை அம்மா பக்கத்திலிருந்து எடுத்துச் சுவரோரம் போட்டிருந்தார்கள்.

பெயர் சொல்ல விரும்பாத அம்மா: நானும் கணவரும் பிரிந்து ஆறு மாதம் ஆகிறது. யாராவது கேட்டால் 'அப்பா துபாயில் இருக்காங்க' என்று சொல்லும்படி 8 வயது மகனுக்கு எங்கம்மா சொல்லிக் கொடுத்தார்கள். அவன் அதோடு விடவில்லை. அப்பா ஒட்டகம் அனுப்பப் போகிறார், நாற்பது மாடி வீடு கட்டுகிறார் என்றெல்லாம் சொல்லியிருக்கிறான். அவனுடைய கூட்டாளி, புது பஸ் ஸ்டாண்டில் என் கணவரைப் பார்த்துவிட்டான். வகுப்பே 'புளுகன்' என்கிறது. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறான்.

மனது கனக்கிறது அம்மா. பொய்யை அவன் தலையில் ஏற்றியவர்கள் பெரியவர்கள். வெறும் துபாயை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? தன்னிடம் இருந்த கற்பனையால் அதை நிரப்பினான். ஒட்டகத்துக்காக அவனைத் திட்டாதீர்கள்.

ஆச்சியும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து, "அப்படிச் சொல்லச் சொன்னது எங்க தப்பு, இனிமே நீ சொல்ல வேண்டாம்" என்று அவனிடம் சொல்லுங்கள். ஆச்சி வாயாலேயே வர வேண்டும். இல்லையென்றால் யார் சொல்வதைக் கேட்பது என்று தவிப்பான். பிரிந்ததற்கு அவன் காரணமில்லை என்பதையும் கேட்காமலே சொல்லுங்கள். இந்த வயதில் தன்னால்தான் என்று நினைத்துக்கொள்ளும் பிள்ளைகள் நிறைய.

அப்புறம், அவனுக்குக் கையில் ஒரு நிஜமான பதில் வேண்டும்: "அப்பா வேற வீட்டில் இருக்காங்க. அதைப் பத்திப் பேச எனக்குப் பிடிக்கல." சொல்லாமல் இருக்க அவனுக்கு உரிமை உண்டு, பொய் சொல்லத்தான் தேவையில்லை. வகுப்பு டீச்சரிடம் நீங்களே போய் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அந்தக் கூட்டாளியைச் சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு, இரண்டு பேருக்கும் தோசை சுட்டுப் போடுங்கள். நடந்ததைப் பற்றி நீங்கள் பேச்செடுக்க வேண்டாம். ஒட்டகத்துக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். அதில் எத்தனை மாடி வேண்டுமானாலும் கட்டட்டும்.

வண்ணார்பேட்டையிலிருந்து ஒரு அப்பா: மகளின் தோழி காய் விட்டுவிட்டாள். நான் போய் அவர்கள் வீட்டில் பேசவா?

வேண்டாம் சார். இரண்டு நாள் பொறுங்கள், அவர்களே பழம் விட்டுக்கொள்வார்கள். வாரம் தாண்டியும் மகள் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.