ஒரு எலக்ட்ரோடு மேலே, ஒன்று கீழே: ஏன்?

கேள்வி: இரவுப்பணி செவிலியர்களின் விழிப்புநிலைதான் என் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். கண்ணசைவைப் பதிய இடது எலக்ட்ரோடைக் கீழேயும் வலதை மேலேயும் ஒட்டச் சொல்கிறார் கைடு. இரண்டையும் கண்ணுக்கு நேராக ஒட்டினால் என்ன? கண் சிமிட்டலுக்கும் இதுவே போதுமா?
– ஒரு மாணவி, வேலூர்

பதில்: கைடு சொல்வதுதான் சரி, அம்மா. நம் கண் ஒரு சின்ன பேட்டரி மாதிரி. முன்பக்கம் கார்னியா பாசிட்டிவ், பின்பக்கம் விழித்திரை நெகட்டிவ். கண் எந்த எலக்ட்ரோடு பக்கம் திரும்புகிறதோ அது பாசிட்டிவ் ஆகும், மற்றது நெகட்டிவ் ஆகும். இரண்டும் நேர்க்கோட்டில் இருந்தால் இட வல அசைவு நன்றாகத் தெரியும். மேல் கீழ் அசைவு ஏறக்குறைய காணாமல் போகும். இடது கண்ணின் வெளி ஓரத்துக்கு 1 செ.மீ. கீழே, வலது கண்ணின் வெளி ஓரத்துக்கு 1 செ.மீ. மேலே ஒட்டி, இரண்டையும் வலது காதுக்குப் பின்னாலுள்ள எலும்போடு ஒப்பிட்டுப் பதிந்தால், கண் எந்தப் பக்கம் போனாலும் பதிவில் வரும் இரண்டு கோடுகளும் எதிரெதிராக ஓடும்: ஒன்று ஏறினால் மற்றது இறங்கும்.

தூக்க ஆய்வுக்கூடத்தில் இத்தனை வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் ப்ராஜெக்டின் உயிரே இந்த 'எதிரெதிர்'தான். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது விழி மெதுவாக இங்கும் அங்கும் உருளும். ஒரு பக்கம் போகவே அரை நொடிக்கு மேல் ஆகும். 1987-இல் டோர்ஸ்வால், ஆக்கர்ஸ்டெட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சுவீடன் ரயில் ஓட்டுநர்களிடம் இரவு ஓட்டத்தின்போது பார்த்ததும் இந்த உருளலைத்தான். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் நெற்றி வியர்த்தாலும் கோடு இதேபோல மெல்ல ஆடும். பார்த்தால் தூக்கம் என்றே தோன்றும். வியர்வை ஆட்டம் ஒரு கோட்டில் மட்டும் வரும், அல்லது இரண்டிலும் தன்போக்கில் வரும். எதிரெதிராக, ஒரே அளவில் வராது. மூளையலை கலந்தால் இரண்டும் ஒரே திசையில் போகும். அதனால் ஒற்றைக் கோட்டை மட்டும் பார்த்து எண்ணவே எண்ணாதீர்கள். மிக மெதுவான ஆட்டங்களை வடிகட்டும் ஃபில்டரின் கீழ் எல்லை 0.3 ஹெர்ட்ஸிலேயே இருக்கட்டும். கோடு ஆடுகிறதே என்று 1 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால், நீங்கள் தேடுகிற உருளலும் பெருமளவு அழிந்துவிடும்.

பவுடர், க்ரீம், எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகத் துடைத்த பிறகு ஒட்டுங்கள். தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் இடையிலான மின்தடை 5 கிலோ ஓமுக்குள் வரவேண்டும். கண்ணருகே ஸ்பிரிட் வழியக்கூடாது, பஞ்சைப் பிழிந்துவிட்டுத் துடையுங்கள். எலக்ட்ரோடு ஒட்டும் கொலோடியன் பசையின் பக்கமே போகாதீர்கள். எலக்ட்ரோடு பேஸ்ட்டும் மைக்ரோபோர் டேப்பும் போதும்.

சிமிட்டல் இதிலும் தெரியும். ஆனால் அது எவ்வளவு நேரம் நீள்கிறது என்று அளக்க, ஒரே கண்ணின் புருவத்துக்கு மேல் ஒன்றும் கீழிமைக்குக் கீழ் ஒன்றுமாகத் தனி ஜோடி வையுங்கள்.

பதிவைத் தொடங்கும் முன் தலையை அசைக்காமல் இடம், வலம், மேல், கீழ் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து முறை சிமிட்டவும் சொல்லுங்கள். பார்வை திரும்பும்போது கோடுகள் எதிரெதிராக ஓடவில்லை என்றால் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது, அல்லது இடம் மாறியிருக்கிறது. அங்கேயே சரிசெய்துவிட்டு ஆரம்பியுங்கள்.